மூன்று ஞாயிறு, ஒரு ஆயில் சீல்

அப்பா ஓட்டிய 100 சிசி பைக், 2011 மாடல். இப்போது நான்தான் ஓட்டுகிறேன். இரண்டு மாதமாக, நிறுத்திய இடத்தில் காலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில் சொட்டியிருந்தது. தெருமுனை மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "கிரான்க் கேஸ் பேக்கிங் போயிருக்கும்ணே, இஞ்சின இறக்கணும்" என்றார். கிரான்க் கேஸ் என்பது இஞ்சினின் அடிக்கூடு, அதன் இணைப்பில் ஆயில் கசியாமல் வைப்பது பேக்கிங். அப்பா அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி. எங்கே ஒழுகுகிறது என்று என் கண்ணால் பார்க்காமல் இஞ்சினைப் பிரிக்க மனசு வரவில்லை.

முதல் ஞாயிறு. சனி இரவே மெயின் ஸ்டாண்டு போட்டு அடியில் ஒரு அட்டையை விரித்து, ஸ்டாண்டின் இரண்டு காலும் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவைத்தேன். காலையில் அட்டையில் இருந்த சொட்டு, டிரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை இறக்கக் கழற்றும் போல்ட்) நேர் கீழே. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எப்படியும் ஆயில் மாற்றும் நேரம் வந்திருந்தது. ஆயிலை இறக்கி, போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு மாட்டினேன். செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் மறுபடியும் சொட்டு.

அப்போதுதான் உறைத்தது. டிரெயின் போல்ட் இஞ்சினின் அடிமட்டத்தில் இருக்கிறது. மேலே எங்கே கசிந்தாலும் ஆயில் வழிந்து வந்து அங்கேதான் சொட்டும். ஓடும்போது காற்று வேறு அதைப் பின்னால் தள்ளிப் பரப்பிவிடும். ஆக, ஈரத்தைத் தேடக்கூடாது. ஈரத்தின் மேல் நுனியைத் தேட வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு கழுவுவதில்தான் தொடங்கியது. பதினான்கு வருஷத்து ஆயிலும் மண்ணும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. அரை லிட்டர் டீசல், ஒரு பெயிண்ட் பிரஷ், இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ், ஒரு கட்டு வேஸ்ட் துணி. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் டீசலைத் தொட்டேன். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து, வெயிலில் காயவைத்தேன். இந்த வேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. மொத்த வேலையில் முக்கியமான பகுதி இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அழுக்கு இஞ்சினில் பழைய கசிவையும் புதுக் கசிவையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

காய்ந்ததும் முகப் பவுடரை எடுத்து, சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் மெல்லிசாகத் தூவினேன். இஞ்சின் ஹெட்டின் மேலும் கீழும் வால்வு பக்கத்தை மூடும் டப்பெட் கவர்கள், மின்சாரம் தரும் மேக்னெட்டை மூடும் கவரின் விளிம்பு, கிரான்க் கேஸ் இணைப்பு, டிரெயின் போல்ட். வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் உடனே கறுத்துக் கோடு போடும். பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டேன், ஒன்றுமில்லை. கொளத்தூர் பக்கம் ஆறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். கிரான்க் கேஸ் இணைப்பு முழுக்க வெள்ளையாகவே இருந்தது. இஞ்சினை இறக்க வேண்டாம் என்று தெரிந்ததில் பெரிய நிம்மதி. கீழ் டப்பெட் கவரில் மட்டும் லேசான ஈரம். ஆனால் இடது பக்கம், கியர் லிவருக்குப் பின்னாலிருந்து ஒரு தெளிவான கோடு இறங்கியிருந்தது.

கியர் லிவரையும், செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மூடும் சைடு கவரையும் கழற்றினேன். உள்ளே செயின் கிரீஸ் குழைந்து கிடந்தது. ஷாஃப்ட் வெளியே வரும் துளையில் ஆயில் கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையம்தான் சீல். அங்கே இரண்டு சீல்கள் உண்டு: ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டுக்கு ஒன்று, கியர் ஷாஃப்டுக்கு ஒன்று. திரும்பவும் கழுவி, பவுடர் தூவி, நியூட்ரலில் ஓடவிட்டேன். (கவர் இல்லாதபோது செயின் பக்கம் கையே போகக்கூடாது.) கால் மணி நேரத்தில் கியர் ஷாஃப்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். ஸ்ப்ராக்கெட் பக்கம் காய்ந்தே இருந்தது.

சீலை மாற்றும் முன், இஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாயையும் பார்த்தேன். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலைக்கூடத் தாண்டி ஆயில் வெளியே வரும். வாயால் ஊதியதில் காற்று தாராளமாகப் போனது. சரி, சீல்தான்.

மூன்றாம் ஞாயிறு. சீலின் முகத்தில் அளவு அச்சிட்டிருக்கும். என்னுடையதில் 13.8, 24, 5. அதாவது உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அந்த எண்களைக் குறித்துக்கொண்டு சனிக்கிழமையே, வண்டி உதிரி பாகக் கடைகள் இருக்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கிவந்திருந்தேன். டப்பெட் கவருக்கான ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

பழைய சீலை எடுக்கும்போதுதான் கை நடுங்கியது. மாற்றி அதிக நாள் ஆகாத ஆயிலைச் சுத்தமான டப்பாவில் இறக்கி மூடிவைத்தேன். சீலின் முகத்தில், ஷாஃப்டைத் தொடாத இடத்தில், கிரீஸ் தடவிய சின்ன ஸ்க்ரூ ஒன்றை மெல்ல முறுக்கினேன். பிசிறு கிரீஸிலேயே ஒட்டிக்கொள்ளும், உள்ளே விழாது. நேராகப் பிளேயரால் இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் வந்தது. ரப்பர் உதடு கல் மாதிரி இறுகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்த்தேன், பள்ளம் எதுவும் இல்லை.

புது சீலை அப்படியே தள்ளினால் ஷாஃப்டின் நுனிப் பற்கள் உதட்டைக் கிழித்துவிடும். பற்களின் மேல் செல்லோ டேப் சுற்றி, உதட்டில் ஆயில் தடவி, ஸ்பிரிங் இருக்கும் பக்கம் உள்ளே போகும்படி நுழைத்தேன். பிறகு சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனரை வைத்து, சுற்றிலும் ஒரே சீராக இறங்கும்படி தட்டினேன். பழையது இருந்த ஆழத்திலேயே நிறுத்திவிட்டேன். அனபாண்ட் மாதிரி கசிவை அடைக்கும் பசை எதுவும் தடவவில்லை. ஆயில் ஊறிய இடத்தில் மேலாகப் பூசினால் அது பிடிக்காது, அடுத்த முறை இடத்தைக் கண்டுபிடிக்கவும் விடாது.

ஆயில் ஊற்றி, மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து அளவு பார்த்தேன். மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. முதல் வாரம் இறக்கிய கறுப்பு ஆயில் கேனில் இருக்கிறது. சாக்கடையில் ஊற்றமாட்டேன், மெக்கானிக் கடையில் பழைய ஆயில் எடுக்க வருபவரிடம் கொடுக்க வேண்டும்.

இன்றோடு இருபது நாள், 310 கிலோமீட்டர். அட்டையை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒரு சொட்டு இல்லை. கீழ் டப்பெட் கவரின் ஓ-ரிங்கை இன்னும் மாற்றவில்லை, ஈரம் அதே அளவில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அது.