இடது கையைப் பார்த்து எடுத்த பியானோ புத்தகங்கள்

பாளையங்கோட்டையில் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பலரும், நானும் சேர்த்துத்தான், பழகியது ஒரே மாதிரி: வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை கார்டை (chord, சேர்த்து அழுத்தும் சுரங்களை) பிடித்துக்கொண்டு சும்மா கிடக்கும். அதனால் பியானோவை முறையாகப் படிக்க உட்கார்ந்தபோது, அட்டையில் போட்டிருக்கும் நிலையைப் பார்த்துப் புத்தகம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நடுப்பக்கத்தைத் திறந்து, கீழ் வரியில் இடது கைக்கு என்ன வேலை என்று பார்ப்பேன். மெதுவாகவாவது அதை வாசிக்க முடிந்தால் அந்தப் புத்தகம் எனக்கானது.

முதலில் எடுத்தது பேயர் எழுதிய தொடக்கப் புத்தகம், ஓபஸ் 101 (ஓபஸ் என்றால் படைப்பு எண்). விரல்கள் இடம் மாறாமல் ஐந்து சுரத்துக்குள் தொடங்கும். முன்பகுதி முழுக்க இரண்டு கைக்குமே ட்ரெபிள் கிளெஃப்தான், அதாவது மேல் சுரங்களுக்கான குறி. படிக்கச் சுகம், ஆனால் இடது கைக்கு வழக்கமாக வரும், கீழ் சுரங்களுக்கான பேஸ் கிளெஃப் வருவதற்குள் பொறுமை போய்விடும். அந்தக் குறையைத் தீர்த்தது சர்ச்சில் இருந்த பாமாலை மெட்டுகளின் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறிப்பு) புத்தகம். நாலு குரலையும் சேர்த்து வாசிப்பது தொடக்கத்தில் ஆகாத காரியம். மேல் குரலான சோப்ரானோவை வலது கையிலும் அடிக்குரலான பேஸை இடது கையிலும் எடுத்துக்கொண்டு, நடுக்குரல்களான ஆல்ட்டோவையும் டெனரையும் விட்டுவிட்டேன். மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் கண் முழுக்கக் கீழ் வரியில் நிற்கும். எங்கள் பாடகர் குழுவில் பேஸ் பாடும் அண்ணாச்சி ஒருநாள் கேட்டுவிட்டு, “ஏன்லே, என் பாட்ட மட்டும் இவ்வளவு மெதுவா வாசிக்க?” என்றார். மெதுவாகத்தான் வாசித்தேன், ஆனால் பேஸ் கிளெஃப் பழகியது அதில்தான்.

ஹேனானின் 60 விரல் பயிற்சிகளை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். 1873-இல் வந்த புத்தகம். இரண்டு கையும் ஒரே சுரங்களை ஒரு ஸ்தாயி தள்ளி வாசிக்கும். விரலுக்கு நல்லது, நோட்ஸ் படிக்கும் பழக்கத்துக்கு உதவாது. முதல் இரண்டு பாரை (இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவில் உள்ள பகுதி ஒரு பார்) பார்த்தால் மீதியைப் பார்க்க வேண்டியதே இல்லை. தினமும் கொஞ்ச நேரம் போதும்.

அப்புறம் பர்க்முல்லர், ஓபஸ் 100. இருபத்தைந்து சின்ன எட்யூட் (பயிற்சிக்கான உருப்படி), ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இப்போதைக்கு எனக்குப் பிடித்த புத்தகம் இதுதான். முதல் பாடத்தில் வலது கைதான் ஓடும், இடது கைக்குப் பெரும்பாலும் நீட்டிப் பிடிக்கிற வேலை. இரண்டாவதான ‘அரபெஸ்க்’கில் வலது கை ஓடிய அதே ஓட்டத்தை நடுவில் இடது கையிடம் கொடுத்துவிடுவார். அங்கே என் வேகம் பாதியாகிவிட்டது. வேகத்தை ஏற்றாமல், அந்த நாலைந்து பாரை மட்டும் தனியாக வாசித்துப் பழகியதும் சரியானது. டச் சென்ஸிட்டிவ் இல்லாத, அதாவது அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறாத கீபோர்டில் இந்தப் புத்தகத்தை எடுக்காதீர்கள். சத்தத்தை ஏற்றி இறக்குவதில்தான் இதன் பாதி உயிர்.

அக்கா மகள் கிரேடு பரீட்சைக்குப் படிக்கிறாள். பரீட்சை நடத்தும் அமைப்பு டிரினிட்டியானாலும் ஏபிஆர்எஸ்எம் ஆனாலும் வழக்கமான பிராக்டிகல் பரீட்சையில் வாசிக்கும் உருப்படி மூன்றுதான். வருஷம் முழுக்க அந்த மூன்றையே தேய்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அவளுக்கு ஒரு படி கீழே உள்ள புத்தகம் ஒன்றையும் கொடுத்து, பார்த்தவுடன் வாசிக்கச் சொல்கிறேன்.

பீத்தோவனின் ‘ஃபியூர் எலீஸ்’ ஆசை எல்லாருக்கும் உண்டு. முதல் பக்கம் வந்துவிடும். பின்னால் இடது கை ஒரே சுரத்தை விடாமல் தட்டும் பகுதி வரும். அங்கே பலரும் நிறுத்திவிடுவார்கள். அதைச் சுருக்கி எளிதாக்கிய பதிப்பைவிட, எளிதாகவே எழுதப்பட்ட பெட்ஸோல்டின் ஜி மேஜர் மினுவெட் (ஒரு பழைய நடன இசை) மேல். பாக் எழுதியதென்று வெகுகாலம் நினைத்திருந்தது அது. இடது கைக்கும் அதில் சொந்தமாகப் பாட்டு உண்டு.

இந்தப் பழைய புத்தகங்கள் எல்லாம் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இசைக்குறிப்புத் தளத்தில் இலவசம். முருகன்குறிச்சிப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டால் ஸ்டாண்டில் மடங்காமல் விரிந்து நிற்கும். பாக்கின் இன்வென்ஷன்களை (இரண்டு கைக்கும் சம வேலை கொடுக்கும் சின்ன உருப்படிகள்) மட்டும் இன்னும் பிரிண்ட் எடுக்கவில்லை. முதல் பக்கத்திலேயே வலது கை சொன்னதை இடது கை அப்படியே திருப்பிச் சொல்கிறது. ‘அரபெஸ்க்’ முழு வேகத்துக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.