முவாந்தே வரைபடம்: பதினோராவது முயற்சியில் சுரண்டல் கைகூடியது

கடந்த ஞாயிறு இரவு, நான் கையால் வரைந்துவரும் கற்பனை நகரமான முவாந்தேயின் வரைபடத்தில், பெரிய புல்வார் (அகன்ற சாலை) மீது எழுதியிருந்த பழைய பெயரைச் சுரண்டிவிட்டு, அதே இடத்தில் புதிய பெயரை எழுதி, மை காய்ந்த பிறகு தாளை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தேன். நான்கு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த சாம்பல் நிழல் ஒருவழியாகத் தெரிந்தது. புதிய பெயர் கறுப்பாக, அதிகாரத் தோரணையுடன் நிற்கிறது; அது எட்டாத வலப்பக்க ஓரத்தில், பழைய பெயரின் கடைசி நான்கு எழுத்துகள் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்கு முந்தைய பத்து முயற்சிகளும் ஒரு கோப்புறைக்குள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் பின்னால் புலம்ப வேண்டியிருக்கிறது.

முவாந்தே என் கற்பனை நகரம். நடு ஆப்பிரிக்காவில் ஒரு பெருநதியின் கரையில் இருக்கிறது. பிரெஞ்சு வழக்கில் தெருப்பெயர்கள் கொண்டது. ஒரு ஜெனரலின் ஆட்சியில் ஏழாவது ஆண்டைக் கடந்துகொண்டிருக்கும் தலைநகரம். அந்த நாட்டின் நில அளவைத் துறை 1974ஆம் ஆண்டு வெளியிட்டது போன்ற மடிப்பு வரைபடம் ஒன்றை, 1:10,000 அளவில், இரண்டு ஏ2 தாள்களில், கையால் வரைவதுதான் திட்டம். ஜெனரலுக்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை. வரைபடத்தில் அவருடைய பெயர் வர வேண்டிய இடங்களில் எல்லாம் தேதிகளே வருவதால், அவசரமும் ஏற்படவில்லை.

முதல் வடிவத்தை ஏன் கிழித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். சர்வாதிகாரியின் தலைநகரம் என்றதும் நடுவில் அரண்மனையை வைத்து, அதிலிருந்து எட்டுத் திசைக்கும் அகலமான சாலைகளை இழுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு நகரம் போல இல்லை, கோலம் போல இருந்தது. பிறகு காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரான கின்ஷாசாவின் பழைய வரைபடங்களை உட்கார்ந்து பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. 1965ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று ராணுவத் தளபதி மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றியபோது அந்த நகரத்தின் எலும்புக்கூடு முழுவதும் ஏற்கெனவே இருந்தது. கீழே காங்கோ நதியில் அருவிகளும் பாறைகளும் இருப்பதால் கடலிலிருந்து கப்பல் ஏறி வர முடியாது. எனவே மட்டாடி துறைமுகத்திலிருந்து 1890 முதல் 1898 வரை ரயில்பாதை போட்டார்கள். மேலே கிசங்கானி வரை ஏறத்தாழ 1,700 கி.மீ. தூரத்துக்குப் படகு போகும். ரயில் முடிந்து படகு தொடங்கும் அந்த இடத்தில்தான் லியோபோல்ட்வீல் (கின்ஷாசாவின் காலனிக் காலப் பெயர்) முளைத்தது. ஐரோப்பியர் வாழ்ந்த பகுதிக்கும் ஆப்பிரிக்கர் வாழ்ந்த பகுதிக்கும் நடுவே நடுநிலை மண்டலம் என்று ஒரு பட்டையை வெறுமையாக விட்டு, அதில் கோல்ஃப் மைதானம், விலங்குக் காட்சிசாலை, தாவரவியல் பூங்கா ஆகியவற்றை வைத்தார்கள். ஆப்பிரிக்காவின் பல காலனி நகரங்களில் இத்தகைய இடைவெளிகளுக்குச் சொல்லப்பட்ட நியாயம் கொசு. அதாவது, நோயைச் சுமந்த கொசு அவ்வளவு தூரம் பறந்து வராது என்ற கணக்கு.

அதைவிட எனக்குப் பயன்பட்ட செய்தி, மொபுட்டு நகரின் நடுவில் வசிக்கவில்லை என்பது. நகர மையத்துக்கு மேற்கே, அருவிகளைப் பார்த்தபடி இருக்கும் ங்காலியெமா குன்றில், பாரசூட் படையினரின் முகாமில் அவருடைய வீடு இருந்தது. துப்பாக்கியால் வந்தவர் துப்பாக்கிகளுக்கு நடுவில்தான் தூங்குவார் என்பது யோசித்தால் தெரியக்கூடிய விஷயம், நான் யோசிக்கவில்லை. இப்போது முவாந்தேயில் ஜெனரலின் இருப்பிடம் மேற்கு ஓரத்தில் ஒரு முகாமுக்குள் இருக்கிறது. நடுவில் இருப்பது பழைய ஆளுநர் மாளிகை. அதில் விருந்துகள் மட்டும் நடக்கும்.

ஆக, சர்வாதிகாரி நகரத்தை வரைவதில்லை, சுரண்டுகிறார் என்ற முடிவுக்கு வந்தேன். தலைப்பில் இருக்கும் சிலேடை அறிந்தே வைத்ததுதான். எலும்புக்கூட்டை மாற்றப் பணமும் காலமும் வேண்டும். பெயரை மாற்ற ஒரு ஆணை போதும். கின்ஷாசாவின் பழைய விளையாட்டரங்கம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியர் காலத்தில் அது போதுவன் மன்னரின் பெயரில் இருந்தது. பிறகு மொபுட்டுவின் கட்சி 1967ஆம் ஆண்டு மே 20 அன்று தொடங்கப்பட்டதை ஒட்டி மே 20 அரங்கம் ஆனது. 1974ஆம் ஆண்டு அக்டோபரில் குத்துச்சண்டை வீரர்கள் அலியும் ஃபோர்மனும் மோதியபோது அதுதான் அதன் பெயர். இன்று அது தாத்தா ரஃபாயேல் (Tata Raphaël) அரங்கம். மொபுட்டு ஆட்சியைப் பிடித்த நாளின் பெயரைத் தாங்கிய நவம்பர் 24 அவென்யூ, அவர் வீழ்ந்த பிறகு விடுதலை அவென்யூ ஆனது. டோகோவின் தலைநகர் லோமேயில், அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாளின் பெயரில் ஜனவரி 13 புல்வார் இருக்கிறது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கியில், அந்நாட்டு ஆட்சியாளர் பொகாஸா 1977ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று முடிசூடிக்கொண்ட விளையாட்டு மாளிகைக்கும், பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும், அவை நின்ற சாலைக்கும் அவருடைய பெயரே இருந்தது. தண்ணீரும் தப்பவில்லை: உகாண்டா எல்லையில் இருக்கும் எட்வர்ட் ஏரி 1973ஆம் ஆண்டு அந்நாட்டு ஆட்சியாளரின் பெயரில் இடி அமீன் ஏரி ஆயிற்று. அதே ஆண்டு ஃபெர்னாண்டோ போ தீவுக்கு எக்குவடோரியல் கினியின் அதிபர் மசியாஸ் தன் பெயரைச் சூட்டினார். 1979ஆம் ஆண்டு அவர் வீழ்ந்ததும் அது பியோகோ ஆனது. இவ்வளவையும் ஒரு வரைவாளர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து திருத்தியிருப்பார் அல்லவா? என் வரைபடம் அவருடைய வேலையைத்தான் பின்பற்ற முயல்கிறது. புதிய தாளில் வரையப் பணம் இல்லாத துறை, பழைய மூலப் பிரதியிலேயே சுரண்டி எழுதுகிறது என்று வைத்துக்கொண்டேன்.

முவாந்தேயின் காலனிப் பெயர் மாரிவீல். வீட்டில் இதைக் கேட்டவர்கள் மாரியம்மன் கோயில் எந்தத் தெருவில் என்று விசாரித்து விட்டார்கள். பெரிய புல்வாருக்கு முதலில் ஒரு பெல்ஜிய அரசியின் பெயர், சுதந்திரத்துக்குப் பின் ஆகஸ்ட் 9, ஜெனரல் வந்த பின் நவம்பர் 12. அரசியின் பெயர் நீளமானது, தேதிகள் குட்டையானவை. வலப்பக்கத்தில் வால் மிஞ்சுவதற்குக் காரணம் இதுதான். முன்பே திட்டமிட்டுச் செய்தேன் என்று பெருமை பேச ஆசை. உண்மையில் ஏழாவது முயற்சியில் தற்செயலாகக் கவனித்தேன்.

இனி சுரண்டுவது. பாலியெஸ்டர் ஃபிலிமில் தொடங்கியது என் முதல் பிழை. ஃபிலிமில் மை மேலாகவே நிற்பதால், பிளேடு பட்டவுடன் சுத்தமாக உரிந்து வந்துவிடுகிறது, நிழலே மிஞ்சுவதில்லை. அதோடு, சுரண்டிய இடத்தில் சொரசொரப்பு போய்ப் பளபளப்பு வந்துவிடுவதால், புதிய மை அங்கே குமிழாகத் திரண்டு நிற்கிறது. மூன்று முயற்சிகள் இப்படிப் போயின. பிறகு 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 90 கிராம் எடை) டிரேசிங் தாளுக்கு வந்தேன். அதில் மை இழைக்குள் இறங்குவதால் நிழல் கிடைக்கிறது. ஆனால் பிளேடு இழைகளைக் கிளப்பிவிடுகிறது, புதிய மை அந்த இழைகள் வழியே பூரான் கால் போலப் படர்ந்துவிடுகிறது. இரண்டு முறை தாளே ஓட்டையானது. 112 ஜிஎஸ்எம் தாள்தான் தாங்கியது.

கைகூடிய முறை இதுதான். பழைய பெயரை 0.25 மி.மீ. வரைவுப் பேனாவால் எழுதிய பிறகு ஒரு முழு நாள் விட வேண்டும்; அன்றே சுரண்டினால் மை இழுபட்டுக் கறையாகிவிடும். சவர பிளேடை நீளவாக்கில் பாதியாக ஒடித்து, தாளுக்கு ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து, நுனியால் அல்லாமல் விளிம்பின் வளைந்த வயிற்றால், ஒரே திசையில், எழுத்தின் குறுக்கே போகாமல் நெடுக்கே சுரண்ட வேண்டும். அழுத்தம் கூடாது, தூசு பறக்கும் சத்தம் மட்டும் கேட்டால் போதும். மூன்றில் இரண்டு பங்கு மை போனதும் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, புதிய பெயர் விழப்போகும் பகுதியை மட்டும் இரண்டாம் முறை சுரண்ட வேண்டும். வால் பகுதியை அப்படியே விட்டுவிடலாம். பிறகு மேலே ஒரு துண்டு டிரேசிங் தாளை வைத்து, கட்டைவிரல் நகத்தால் நன்றாக அழுத்தித் தேய்த்தால் கிளம்பிய இழைகள் படிந்துவிடுகின்றன. இதை எனக்குச் சொன்னவர் என் பெரிய மாமா. கணினி வருவதற்கு முன் முப்பது ஆண்டு கட்டட வரைவாளராக இருந்தவர். ஸ்பூனின் முதுகால் தேய்க்கலாமா என்று கேட்டதற்கு, "நகம் இருக்கும்போது ஸ்பூன் எதற்கு?" என்றார். கடைசியாக வாசனையில்லாத டால்க் பவுடரைச் சிட்டிகை அளவு தூவி, பஞ்சால் துடைத்துவிட்டு எழுத வேண்டும். பவுடர் மிஞ்சினால் பேனா அடைத்துக்கொள்ளும், 0.18 ஒன்றை அப்படித்தான் இழந்தேன்.

புலம்பல் இப்போது. எட்டாவது முயற்சியும் சரியாகவே வந்திருந்தது. அதை ஸ்கேனரில் வைத்தபோது கறுப்பு வெள்ளை முறையில் இருந்ததைக் கவனிக்காமல் எடுத்துவிட்டேன். சாம்பல் நிழல் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. தோற்றுவிட்டது என்று நினைத்துத் தாளைக் கசக்கிக் கோப்புறைக்குள் திணித்து, இன்னும் இரண்டு முறை வீணாக உழைத்தேன். 600 டிபிஐ, சாம்பல் முறை என்று இப்போது ஸ்கேனர் மூடியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

112 ஜிஎஸ்எம் தாள் கிடைப்பதுதான் பெரும்பாடு. நான் வழக்கமாக வாங்கும் கடையில் இனி தருவிக்கப் போவதில்லை என்கிறார்கள். கட்டட வரைபடம் எல்லாம் பிளாட்டருக்கு (கணினி வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிடும் இயந்திரம்) போய்விட்டதாம். மிச்சமிருந்த சுருளை வாங்கிவிட்டேன். முனையில் மஞ்சளடித்திருக்கிறது. 1974ஆம் ஆண்டுத் தாளுக்கு அது குறையாகத் தெரியாது என்பதால் விலையில் பேரம் பேசினேன், குறைத்தும் கொடுத்தார்கள். பேனா முனைகள் நிலைமை இன்னும் மோசம். யாரிடமாவது பயன்படுத்தாத 0.18 ரோட்ரிங் முனை இருந்தால் விலைக்கோ மாற்றுக்கோ எடுத்துக்கொள்கிறேன்.

வெற்றிடங்கள் பற்றியும் கொஞ்சம். ஜெனரலின் முகாமை முதலில் வெள்ளையாக விட்டிருந்தேன். வெள்ளை கண்ணை இழுக்கிறது. மறைக்க நினைப்பவர் அப்படிச் செய்ய மாட்டார். கம்பாலாவில் இடி அமீனின் உளவு அமைப்பு, நக்காசெரோ குன்றில், அவருடைய மாளிகைக்குப் பக்கத்திலேயே இயங்கியது. அதன் பெயர் அரசு ஆராய்ச்சிப் பணியகம். அஞ்சலகத்துக்கு அடுத்த கட்டடம் போல ஒலிக்கும் பெயர். அதனால் என் முகாமின் மேல் மரக்குறிகளைப் போட்டுப் பூங்கா போல ஆக்கிவிட்டு, அதற்குள் சாதாரண எழுத்தில் "வேளாண் புள்ளியியல் துறை" என்று பிரெஞ்சில் எழுதினேன். அந்தப் பூங்காவைச் சுற்றி நான்கு பக்கமும் சாலைகள் முட்டி நிற்கின்றன. உள்ளே ஒன்றுகூடப் போவதில்லை. வரைபடம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

முதல் தாளில் இன்னும் இருபத்திரண்டு பெயர்கள் சுரண்டப்பட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கை தாங்காது. அது முடிவதற்குள்ளேயே 1976ஆம் ஆண்டு மறுபதிப்பு ஒன்றும் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பொகாஸா 1974ஆம் ஆண்டிலும் அமீன் 1975ஆம் ஆண்டிலும் தங்களை மார்ஷலாக்கிக்கொண்டார்கள்; என் ஜெனரலும் சும்மா இருக்க மாட்டார். ஜெனரல் சதுக்கத்தை மார்ஷல் சதுக்கமாக்க வேண்டுமானால் இரண்டு அடுக்கு நிழல் தேவைப்படும். ஒரே இடத்தில் மூன்றாம் முறை சுரண்டினால் 112 ஜிஎஸ்எம் தாங்குமா என்று ஒரு துண்டில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டாவது பெயரின் மை நேற்று மாலை எழுதியது, காய இன்று இரவு வரை விட வேண்டும். இரண்டாவது தாளில் படகுத்துறையும் அக்கரையும் பென்சில் கோடுகளாகவே கிடக்கின்றன.