எல்லாரும் சாப்பிட்டதுதான்

போன வாரம் வீட்டில் ஒரு வேலை செய்து பார்த்தேன். அரசாங்கங்கள் நடத்தும் உணவு, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புகளில் கேட்கிற அதே கேள்வியை வீட்டில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: நேற்று முழுக்க என்னென்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு? அப்பா காலைச் சாப்பாட்டைச் சரியாகச் சொல்லிவிட்டு மதியத்தில் தடுமாறினார். தம்பிக்கு மூன்று வேளையும் நினைவிருந்தது, நடுவில் கொறித்தது ஒன்றுகூட நினைவில்லை. அம்மாவிடம் கேட்டதும் "எல்லாரும் சாப்பிட்டதுதான்" என்றார். "எவ்வளவும்மா?" என்றால், "இருந்ததைச் சாப்பிட்டேன், விடு."

இதை எழுத என் தாளில் கட்டமே இல்லை. அன்றிலிருந்து இந்தக் கணக்கெடுப்புகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு மறதி பழைய எதிரி. அமெரிக்க அரசு நடத்தும் தேசிய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வான நேஹேன்ஸில் (NHANES) ஒருவரிடமே ஐந்து சுற்றாகக் கேட்கிறார்கள். முதலில் நினைவுக்கு வந்ததையெல்லாம் வரிசையில்லாமல் சொல்லவிடுவார்கள், குறுக்கே பேசமாட்டார்கள். அப்புறம் பானம், இனிப்பு, நொறுக்குத் தீனி என்று வழக்கமாக விட்டுப்போகிறவற்றைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். பிறகு எந்த நேரத்தில் சாப்பிட்டீர்கள் என்று ஒரு சுற்று, எப்படிச் சமைத்தது, எவ்வளவு, மேலே என்ன சேர்த்தீர்கள் என்று விவரமாக ஒரு சுற்று, கடைசியாக "வேறு ஏதாவது உண்டா" என்று ஒரு முறை. சில நாள் கழித்து இன்னொரு நாளின் சாப்பாட்டையும் கேட்பார்கள், ஏனென்றால் ஒரே ஒரு நாளை வைத்து ஒரு மனிதரின் வழக்கத்தைச் சொல்ல முடியாது, நேற்று அவருக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம், விருந்தாக இருந்திருக்கலாம்.

இவ்வளவு செய்தும் கணக்கு உதைக்கிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் கனமான ஐசோடோப்புகளும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலைவிட்டு எந்த வேகத்தில் வெளியேறுகின்றன என்று சிறுநீரில் அளந்தால், அந்த மனிதர் நாளுக்கு எவ்வளவு ஆற்றல் செலவழித்தார் என்று தெரிந்துவிடும். எடை மாறாமல் இருப்பவர் செலவழித்த அளவு சாப்பிட்டிருக்கத்தானே வேண்டும்? ஆனால் வாயால் சொன்ன கணக்கு பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே வருகிறது, உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் அதிகம். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஓர் அந்நியர் வந்து கேட்டால் யாருக்குத்தான் கொஞ்சம் கூச்சம் வராது?

அதனால்தான் நல்ல கணக்கெடுப்புகள் உடலையும் கேட்கின்றன. எடை, உயரம், இரத்தம். உப்பு என்றால் 24 மணி நேரச் சிறுநீர், ஏனென்றால் தின்ற சோடியத்தில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது, தட்டில் எவ்வளவு உப்பு விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதில் தேடாததும் கிடைக்கும். 1976 முதல் 1980 வரை நடந்த அமெரிக்க ஆய்வில் எடுத்த இரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அதே ஆண்டுகளில் ஈயம் கலந்த பெட்ரோலின் பயன்பாடும் குறைந்துகொண்டே வந்தது, இரண்டு கோடுகளும் சேர்ந்தே இறங்கின. பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கவேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அது பெரிய ஆதாரமானது.

சரி, அம்மாவிடம் வருகிறேன். வீட்டுக்கு என்ன வந்தது என்று மட்டும் கேட்கும் ஆய்வுகள் நிறைய உண்டு. பிரிட்டனில் 1940-இல், போர்க்காலத்தில் தொடங்கி 2000 வரை நடந்த தேசிய உணவுக் கணக்கெடுப்பு அப்படித்தான். வீட்டுக்குள் வந்த உணவைத்தான் அது எண்ணியது, இனிப்புப் பண்டங்களையும் குளிர்பானங்களையும் 1992 வரை சேர்க்கவே இல்லை. வந்ததைத் தலைக்கணக்கில் வகுத்தால் ஒரு சராசரி கிடைக்கும். அந்தச் சராசரியில் என் அப்பாவும் தம்பியும் அம்மாவும் ஒரே அளவு சாப்பிட்டிருப்பார்கள். அரிசியும் பாலும் வீட்டுக்குள் வந்துவிட்டன என்பதற்கும், கடைசியாக உட்கார்ந்தவருக்கு அவை மிச்சமிருந்தன என்பதற்கும் நடுவில் ஒரு சமையலறை இருக்கிறது. பெண்களின் இரத்தசோகையைப் பற்றிப் பேசும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போனால் எனக்குக் கோபம் வருகிறது.

ஜப்பான் இதை எப்படிச் சமாளித்தது என்று படித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 1945-இல், தோற்றுப் பசியில் கிடந்த டோக்கியோவில், உதவியாக எவ்வளவு உணவு தேவை என்று தெரிந்துகொள்ளத் தொடங்கிய ஆய்வு அது. வெகுகாலம் அதுவும் குடும்பத்தையே அலகாக வைத்திருந்தது. 1995-இல் ஒரு மாற்றம் செய்தார்கள். வீட்டில் சமைத்ததை எடை போட்டு எழுதுவதோடு, ஒவ்வொரு பதார்த்தத்தையும் யார் யார் என்ன விகிதத்தில் பகிர்ந்துகொண்டார்கள் என்றும் எழுதச் சொன்னார்கள். இவ்வளவுதான் மாற்றம், ஒரே ஒரு கட்டம் கூடியது. என் தாளில் இல்லாத அந்தக் கட்டம்.

இந்தியாவிலும் இதைச் செய்தவர்கள் இருந்தார்கள். 1972-இல் தொடங்கி ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின்கீழ் இயங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம், அளவுக் கிண்ணங்களோடு வீடுகளுக்குப் போனது. சமைக்க எடுத்த பொருள் எவ்வளவு, சமைத்த பிறகு மொத்தம் எவ்வளவு, அதில் இந்தக் குழந்தைக்கு எத்தனை கிண்ணம், இந்தக் கர்ப்பிணிக்கு எத்தனை கிண்ணம் என்று கேட்டது. 2015-இல் அதை மூடிவிட்டார்கள். அது தவறான முடிவு என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வு எடை, உயரத்தை அளக்கிறது, 2019-21 சுற்று வரை இரத்தசோகையையும் அளந்தது, பால், பழம், கீரை போன்றவற்றை எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கிறது. ஆனால் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது வேறு, எவ்வளவு என்பது வேறு. வாரத்தில் மூன்று நாள் பால் குடித்தேன் என்றால் அது அரை டம்ளரா, தேநீரில் விட்ட இரண்டு கரண்டியா?

மறுநாளும் அம்மாவிடம் கேட்டேன். இந்த முறை கையில் ஒரு கிண்ணத்தோடு சமையலறையிலேயே நின்றேன், அவர் தனக்குப் போட்டுக்கொள்ளும் வரை. அப்பாவின் அளவில் பாதிகூட வரவில்லை. "எனக்குப் பசி இல்லடா" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.