அடியில் அசையாத ஒரு சுரம்

அமெரிக்க ராக் இசைக்குழுவான வான் ஹேலனின் ‘ஜம்ப்’ பாடலில் என்னை இன்றும் கட்டிப்போடுவது, ஓபர்ஹைம் ஓபி-எக்ஸ்ஏ என்னும் சிந்தசைசரில் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் விசைப்பலகைக் கருவியில்) எழும் அதன் தொடக்கம்தான். மேலே கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) அடுத்தடுத்து மாறிக்கொண்டிருக்க, அடியில் ஒரே கீழ்ச்சுரம் தம்புராவின் சுருதிபோல் அசையாமல் நிற்பதால், பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே எதிர்பார்ப்பு உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. கிதார் மேதையாக அறியப்பட்ட எடி வான் ஹேலன், பாடகர் டேவிட் லீ ராத் முதலில் ஆர்வம் காட்டாதபோதும் இந்த மெட்டைக் கைவிடாமல், தம் வீட்டு வளாகத்தில் அமைத்த 5150 ஒலிப்பதிவுக்கூடத்தில் அதைப் பாடலாக வளர்த்தெடுத்தார். 1984இல் அது அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் தரவரிசைப் பட்டியலில் 5 வாரங்கள் முதலிடம் வகித்தது. கிதார் தனியிசை முடிந்த கையோடு சிந்தசைசர் தனியிசை தொடங்கும் இடம்தான், என்னைப் பொறுத்தவரை, பாடலின் உயிர்நாடி; இரண்டையும் வாசித்தவை ஒரே மனிதரின் விரல்கள்.