மழைக்கு தேவாலய மண்டபத்தைத் திறந்துவிடுபவர்களுக்கு

சென்னை வால்டாக்ஸ் ரோடு, பாரிமுனைப் பிளாட்பாரக் குடும்பங்களை மழை ராத்திரியில் மண்டபத்துக்குக் கூப்பிட்டால் உடனே கிளம்பிவிட மாட்டார்கள். "வண்டிய எங்க உடுறது?" என்பதுதான் முதல் கேள்வி. மீன்பாடி வண்டியையும் பாத்திர மூட்டையையும் விட்டு வந்தால் காலையில் இருக்காது. கூப்பிடப் போகுமுன்பே காம்பவுண்டுக்குள் இடம் ஒதுக்கி, கேட்டில் ஆள் போட்டுவிடுங்கள்.

குடும்பத்தைப் பிரிக்கவே கூடாது. நகரத்தில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அம்மா ஓரிடம், வளர்ந்த பையன் ஓரிடம் என்றால் நனைந்துகொண்டு பிளாட்பாரத்திலேயே இருந்துவிடுவார்கள். அது பிடிவாதம் இல்லை, நியாயம்.

ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், அதாவது 38 சதுர அடி வேண்டும். 60க்கு 36 அடி மண்டபத்தில் நடுவே 6 அடி வழி விட்டால், பக்கத்துக்கு ஆறாக 10க்கு 15 அடியில் 12 தடுப்பு வரும். தடுப்புக்கு நாலு பேர். நைலான் கயிறும் பழைய புடவையும் போதும். புடவை தரையிலிருந்து ஒரு ஜாண் தூக்கி நிற்கட்டும், ஈரம் ஏறாது.

தண்ணீரில்தான் கணக்கு தப்பும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்றால் 48 பேருக்கு 720. ஆயிரம் லிட்டர் டேங்க் தாராளம் என்று தோன்றும். ஆனால் விடிந்ததும் எல்லோரும் சேற்றுத் துணியை அலசுவார்கள், கக்கூஸுக்கும் அதே தண்ணீர்தான். ஆறரைக்கெல்லாம் குழாய் காற்றடிக்கும். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டாரும் ஓடாது. படுக்குமுன் டேங்கை நிரப்பி, கழிப்பறைப் பக்கம் இரண்டு 200 லிட்டர் டிரம்மையும் நிரப்பி வையுங்கள். 20 பேருக்கு ஒரு கழிப்பறை வீதம் மூன்று வேண்டும். உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, ராத்திரி முழுக்க விளக்கு எரியுமா என்று முதல்நாளே பாருங்கள். இருட்டாக இருந்தால் பெண்கள் விடியும்வரை அடக்கிக்கொண்டே இருப்பார்கள்.

சாப்பாடு சபையார் வீடுகளிலிருந்து வந்துவிடும். யார் எந்த வேளைக்கு என்று ஒருவர் எழுதி வைத்தால் போதும், குழந்தைகளுக்குப் பால் மட்டும் தனியாகச் சொல்லி வையுங்கள். ஜெபத்துக்கு உட்கார்ந்தால்தான் சாப்பாடு என்ற எண்ணம் யாருக்கும் வர விடாதீர்கள்.

காவல் நிலையத்துக்கு முதல்நாளே எழுத்தில் தகவல் கொடுங்கள். ராத்திரிக்கு இரண்டு தொண்டர்கள், ஒருவர் பெண். சுமை தூக்கப் போகிறவர்கள் நாலு மணிக்கே கிளம்புவார்கள், கேட் சாவி உள்ளே படுப்பவரிடம் இருக்கட்டும்.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு ஒத்திகைக்கு மண்டபம் கேட்பார்கள். காலி செய்யும் தேதியை வந்த அன்றே சொல்லுங்கள், முந்தின ராத்திரி சொல்லாதீர்கள்.