கறுப்பியும் சில வாடிக்கையாளர்களும்: புத்தகக் கடை நாட்குறிப்பு

2025 ஆகஸ்ட் 13, புதன்

மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் கடை பத்து மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே கறுப்பி படியில் வந்து படுத்துவிடும். ஷட்டரைத் தூக்கும் ஓசை கேட்டதும் எழுந்து உடம்பை நீட்டி முறித்துவிட்டு, கல்லாப் பெட்டிக்குக் கீழே உள்ள நிழலுக்குப் போய்விடும். காது நுனி வெட்டப்பட்டிருப்பதால், கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பது பார்த்தவுடன் தெரியும். தெருநாயான இதைத் தவிர, உரிமையாளர்களோடு வரும் விருந்தாளிகள் இருவர் உண்டு. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரின் லாப்ரடார் மாலை நடைக்குப் பிறகு வரும்; ஒரு கல்லூரி மாணவரின் ராஜபாளையம் சனிக்கிழமைகளில் வரும்.

டெல்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 11ஆம் தேதி உத்தரவிட்டதிலிருந்து கடையில் இதே பேச்சுதான். புத்தகம் வாங்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமலேயே போனார்கள். கறுப்பி தூங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உத்தரவு இன்று திருத்தப்பட்டது. பிடிக்கப்படும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் குடற்புழு நீக்க மருந்தும் அளித்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டுமே விலக்கு. நாய்களுக்குத் தெருவில் உணவிடக் கூடாது, அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் இட வேண்டும் என்பதும் அதில் உண்டு. பலர் குறை கூறும் இந்தப் பகுதி எனக்கு நியாயமாகவே படுகிறது. கடை வாசலில் வைக்கும் தயிர்சோற்றுக்கு அடுத்த தெரு நாய்களும் வந்துவிடுகின்றன. அங்கே மூளும் சண்டைக்கு நடுவில் சைக்கிளில் வரும் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள். தட்டை இன்றே கடைக்குப் பின்புறம் உள்ள முற்றத்துக்கு மாற்றிவிட்டேன்.

2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னையில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் உள்ளன. மாநகராட்சி இந்த மாதம் தொடங்கியிருக்கும் தடுப்பூசிப் பணியில் ஊசி போட்ட நாயின் உடம்பில் சாயம் பூசி அடையாளமிடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர்களிடம் கறுப்பியை நானே பிடித்துக் கொடுத்தேன். முதுகில் சாயத்தோடு திரும்பி வந்து, அரை நாள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

புத்தகக் கடைக்கு நாய் வருவதில் உள்ள சிக்கலை, அடித்தட்டைத் துடைப்பவர்கள்தான் அறிவார்கள். நிமிர்ந்து நிற்கும் எதைக் கண்டாலும் முகர்ந்து பார்த்துக் காலைத் தூக்குவது ஆண் நாயின் இயல்பு. எங்கள் இரும்பு அலமாரிகளோ நிமிர்ந்து நிற்பதைத் தவிர வேறு வேலையில்லாதவை. லாப்ரடாருக்குக் கருத்தடை செய்திருப்பதால் தொந்தரவு குறைவு. ராஜபாளையம் வரும்போது மாணவர் கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது பைண்டிங் பசை. நம் ஊர் பைண்டர்கள் மைதாவைக் காய்ச்சிப் பசை செய்யும்போது, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது வழக்கம். மாவு வாசனை நாயை இழுக்கும். மயில்துத்தமோ வயிற்றுக்குள் போனால் நஞ்சு. லாப்ரடார் ஒரு பழைய பைண்டு தொகுதியின் முதுகை நக்கத் தொடங்கியதைக் கண்ட பிறகு, பைண்டு செய்த பழைய தொகுதிகளையெல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏற்றிவிட்டேன். அடித்தட்டில் இப்போது கெட்டி அட்டை அகராதிகளும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் இருக்கின்றன. அவற்றை எந்த நாயும் சீண்டியதில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று உலக வெறிநோய் தினம். வெறிநோய்க்கு எதிரான தடுப்பூசியை 1885இல் ஒரு சிறுவனுக்குச் செலுத்திய லூயி பாஸ்டர், 1895இல் இதே நாளில்தான் இறந்தார். அவர் பெயரில் குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட நிறுவனம் நம் மாநிலத்தில் இந்தத் தடுப்பூசியோடு நெடுங்காலத் தொடர்புடையது. இவற்றோடு, கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், அன்றே ஊசி போட வேண்டும், அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது என்பதையும் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினேன்.

அதைப் படித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்மணி உள்ளே வரவில்லை. "நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க சார், பாப்பா பயப்படுறா" என்றார். ஆறாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் சிறுவயதில் கடிபட்டவளாம். "ஒன்றும் செய்யாது" என்று சொல்வது நாய் வளர்ப்போரின் வழக்கம். அச்சத்தோடு நிற்பவருக்கு அந்தப் பேச்சால் ஒரு பயனும் இல்லை. கறுப்பியை முற்றத்துக்கு அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு, அந்தச் சிறுமி ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தாள். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல், வாசிக்கத் தயங்கும் குழந்தைகளை நாய்க்கு வாசித்துக் காட்ட வைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே வருவது பயிற்சி பெற்ற நாயும் அதைக் கையாளத் தெரிந்தவரும்தான். தெருவில் வளர்ந்த நாயைக் கொண்டு நான் அதைச் செய்யப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணி வரை கடைக்குள் நாய்க்கு அனுமதியில்லை என்று பலகை வைத்துவிட்டேன். வங்கி அதிகாரி சற்று மனம் வருந்தினார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடைக்கு விடுமுறை என்றாலும் முந்தைய இரவே வந்து பின்னறையைத் திறந்துவிட்டேன். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். கறுப்பி பழைய வார இதழ்க் கட்டுகளுக்கு இடையே புகுந்துகொண்டது. கூடவே, இதுவரை கண்டிராத இரண்டு நாய்களும் அங்கே ஒண்டியிருந்தன. வேறு நாளாக இருந்தால் குரைத்துத் துரத்தியிருக்கும்.

நவம்பர் 8, சனி

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும், பிடித்த இடத்தில் மீண்டும் விடக் கூடாது என்று நேற்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. புத்தகக் கடை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கறுப்பி மதிய வேளைகளில் போய்ப் படுப்பது பள்ளி வேப்பமரத்தடியில். ஆகவே பள்ளி விடும் வரை பின்கதவைச் சாத்தி, அதை முற்றத்திலேயே வைத்திருக்கத் தொடங்கியிருக்கிறேன்.

ராஜபாளையம் வழக்கம்போல வந்தது. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல் தலைகளில் அதன் இனத்துக்கும் ஒன்று உண்டு; பழைய ஆல்பம் ஒன்றிலிருந்து எடுத்துக் காட்டியதும் அந்த மாணவர் விலை கேட்காமலேயே வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று மாநகராட்சி அறிவித்ததிலிருந்து, வங்கி அதிகாரி உரிமச் சான்றின் நகலைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். நான்கு மணி அடித்ததும் லாப்ரடாருடன் உள்ளே வந்தார். அப்போது கிளம்பிக்கொண்டிருந்த சிறுமி, அம்மாவின் பின்னால் நின்றபடி அதன் பெயரைக் கேட்டாள். தொடவில்லை, தொடும்படி யாரும் சொல்லவுமில்லை.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு எடுத்தால் கடையைப் பூட்ட வேண்டியிருக்கும். அந்த நாட்களில் கறுப்பிக்குச் சோறு வைக்க எதிர்வீட்டுப் பாட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார். கைம்மாறாக இந்த ஆண்டுத் தீபாவளி மலர்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தருவாராம். புது மலர்களை இரவல் கொடுப்பதில்லை என்ற எங்கள் கடை வழக்கத்தை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் சோற்றுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார். மூன்று மலர்களை இன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.