வட்டம் வட்டமாக வந்த கதை: சர்வோ டியூனிங் குறிப்புகள்

வீட்டுப் பட்டறையில் உள்ள என் சிறிய மில்லிங் இயந்திரத்தில் ஸ்டெப்பர் மோட்டார்களைக் கழற்றிவிட்டு, தன் நிலையை அளந்து பிழையைத் திருத்திக்கொள்ளும் சர்வோ மோட்டார்களைப் பொருத்தி, லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் மூலம் இயக்கி வருகிறேன். மேசையை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தொலைவு) 5 மி.மீ.; சுழற்சியை அளக்கும் என்கோடர் ஒரு சுற்றுக்கு 10,000 கவுன்ட் தருவதால், ஒரு கவுன்ட் என்பது அரை மைக்ரான். இவ்வளவு நுண்மை இருந்தும் வேகமாக வெட்டும்போது அளவு ஏன் தவறுகிறது என்பதைக் கண்டறியவே இந்தச் சோதனைகளைத் தொடங்கினேன்.

சோதனை எளியது. 6 மி.மீ. விட்டமுள்ள எண்ட் மில்லை (வெட்டும் கருவியை) 10 மி.மீ. ஆரமுள்ள பாதையில் நிமிடத்துக்கு 3,000 மி.மீ. வேகத்தில் ஓட்டி, அலுமினியத்தில் ஓர் உருளையை மிக மெல்லிய இறுதிச் சீவலாக வெட்டினேன். பாதையின் விட்டமான 20-இல் கருவியின் 6 போக, உருளையின் விட்டம் 14 மி.மீ. வரவேண்டும். மைக்ரோமீட்டரில் ஒரு மூலைவிட்டம் 14.12 என்றும், அதற்குக் குறுக்கே உள்ளது 13.63 என்றும் காட்டியது. கடிகாரத் திசையில் வெட்டச் சொல்லும் ஜி2 கட்டளைக்குப் பதிலாக ஜி3 கொடுத்து எதிர்த்திசையில் வெட்டியபோது, நீண்டிருந்த மூலைவிட்டம் குறுகி மற்றது நீண்டது. திசையை மாற்றியதும் கோணலும் இடம் மாறியதால், இது இயந்திரத்தின் சதுரப் பிழையன்று (அச்சுகள் செங்குத்தாக அமையாத பிழையன்று), இரண்டு அச்சுகளும் கட்டளைக்கு வெவ்வேறு அளவில் பின்தங்குவதே காரணம் என்று உறுதியானது.

நிலைப் பிழைக்கு எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்பதைக் குறிக்கும் பி மதிப்பை எக்ஸ் அச்சுக்கு 50 என்றும், அதிகம் வைத்தால் மோட்டார் உறுமுகிறது என்பதற்காக ஒய் அச்சுக்கு 40 என்றும் நானே வைத்திருந்தேன். ஒவ்வோர் அச்சையும் இயன்ற வரை இறுக்கமாக்குவதே நல்லது என்ற எண்ணம்தான் தவறு. வளைவில் வெட்டும்போது இரண்டும் ஒரே அளவு பின்தங்குவதே முக்கியம். எக்ஸையும் 40-க்கு இறக்கியதும் உருளை வட்டமானது, ஆனால் எல்லாப் பக்கமும் 13.85 ஆகச் சிறுத்திருந்தது.

பி மட்டும் இருக்கையில் பின்னடைவு என்பது வேகத்தை பி-யால் வகுத்த அளவு. நொடிக்கு 100 மி.மீ. வேகத்தில் அது 2.5 மி.மீ.! பிழை தோன்றிய பிறகே கட்டளை பிறக்கிறது என்பதுதான் இதன் பொருள். எனவே வேகக் கட்டளையை முன்கூட்டியே டிரைவுக்கு (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டிக்கு) அனுப்பும் எஃப்எஃப்1-ஐ 1 ஆக்கினேன். அதற்கு முன் டிரைவின் உள் வேகச் சுற்றை (வேகத்தை அளந்து சரிசெய்யும் பகுதியை), மோட்டாரை மேசையில் தனியாக வைத்தல்லாமல், இயந்திரத்தில் சுமையோடு பொருத்திய நிலையில் டியூன் செய்ய வேண்டியிருந்தது. இதைத் தவிர்த்தால் பின்னர் செய்யும் எதுவும் நிற்காது.

லினக்ஸ்சிஎன்சியின் வரைபடக் கருவியான ஹால்ஸ்கோப்பில் சீரான ஓட்டத்தின்போது பிழைக்கோடு பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிட்டது. முடுக்கமும் தணிவும் நிகழும் இடங்களில் மட்டும் 0.05 மி.மீ. திட்டுகள் எஞ்சின. முடுக்கத்துக்கு ஏற்ப முன்கூட்டியே கட்டளை தரும் எஃப்எஃப்2-ஐச் சிறிது சிறிதாகக் கூட்டி 0.002-இல் நிறுத்தியபோது அவையும் தட்டையாயின. உருளை இப்போது 13.99.

பாதையில் அச்சு திசை திரும்பும் நான்கு இடங்களில், கடிகாரத்தின் 12, 3, 6, 9 போல, ஏறத்தாழ 6 மைக்ரான் மேடு டயல் கேஜில் இன்னும் தெரிகிறது. வேகம் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் உராய்வு அச்சைப் பிடித்து நிறுத்துவதால் வருவது அது. நேரம் செல்லச் செல்லச் சேரும் பிழைக்கு ஏற்பத் திருத்தும் ஐ மதிப்பைக் கூட்டினால் மேடு குறைகிறது, ஆனால் நின்ற நிலையில் மேசை மெல்ல முன்னும் பின்னும் அலைகிறது. ஆகவே ஐ-யைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டேன். ஒய் அச்சின் பால் ஸ்க்ரூ நட்டைப் பிடிக்கும் தாங்கியைத் தளர்த்தி, ரெயிலோடு மீண்டும் இணையாக அமைத்து, அந்த உராய்வையே குறைப்பதுதான் அடுத்த வேலை.